பொறியியல் மேலாண்மை கற்பிக்கும் ஆசிரியர்கள்: அவர்களின் பணிப் பின்புலத்தை எப்படி மதிப்பிடுவது?

ஓசூரான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். இயந்திரப் பொறியியலில் பட்டம் பெற்று, ஓசூரில் வாகன உதிரிபாகங்கள் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையின் உற்பத்திப் பிரிவில் சில ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். இயந்திரங்களோடு செய்யும் வேலை குறைந்து, ஆட்கள், நேரம், செலவு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும் வேலை கூடிக்கொண்டே வருவதால், அமெரிக்காவில் பொறியியல் மேலாண்மையில் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்க எண்ணியுள்ளேன். கல்விக் கடன் வாங்கித்தான் செல்ல வேண்டும் என்பதால், நமக்குக் கற்பிக்கப்போகிறவர்கள் யார் என்பதை முதலில் தெரிந்துகொள்வோம் என்று பல துறைகளின் ஆசிரியர் விவரங்களைப் படித்தேன்.

ஒரே துறையில் ஒருவர் கணித உகப்பாக்கத்தில், அதாவது இருக்கும் வளங்களை வைத்து மிகச் சிறந்த முடிவைக் கணக்கிட்டுக் காணும் கணிதப் பிரிவில், முனைவர் பட்டம் முடித்து நேராக ஆசிரியப் பணிக்கு வந்தவர். தொழிற்சாலையில் பணியாற்றியதற்கான குறிப்பே அவருடைய விவரத்தில் இல்லை. அடுத்தவர் விமான எஞ்சின் தயாரிப்பில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்துவிட்டு வந்தவர். அவருக்கு முனைவர் பட்டம் இல்லை. மற்றொருவர் காப்புரிமை வழக்கறிஞர், இன்னொருவர் உளவியல் படித்தவர். கணிதத் துறையிலோ கட்டுமானப் பொறியியலிலோ இப்படி ஒரு கலவையை நான் பார்த்ததில்லை. இந்தக் கலவை இந்தத் துறையின் இயல்பா, அல்லது கிடைத்தவர்களை வைத்து வகுப்புகளை நிரப்புகிறார்களா? பகுதிநேர ஆசிரியர்கள் அதிகமாக இருந்தால் அதைக் குறையாகக் கருத வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கடலோடி

வணக்கம் நண்பரே. இந்தத் துறையில் அமெரிக்காவில் படித்து, இப்போது அங்கேயே பணியாற்றி வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் கண்ட கலவை இந்தத் துறையின் பிறப்பிலிருந்தே உள்ளது. பொறியாளர்கள் தங்கள் பட்டறைகளின் செலவையும் நிர்வாகத்தையும் தொழில்நுட்பத்துக்கு இணையான அக்கறையோடு ஆராய வேண்டும் என்று 1886ஆம் ஆண்டிலேயே அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் முன் கட்டுரை வாசித்த ஹென்றி டவுன், பூட்டுத் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் தலைவர். அவருக்குப் பின் வந்த ஃபிரெடரிக் டெய்லர் மிட்வேல் எஃகு ஆலையில் வளர்ந்தவர். 1908இல் பென்சில்வேனியா மாநிலக் கல்லூரியில் ஹியூகோ டீமர் தொழிலகப் பொறியியல் பாடத்திட்டத்தைத் தொடங்கியபோது, அதில் கற்பிப்பதற்கான பொருள் பெரும்பாலும் ஆலைகளிலிருந்தே வந்தது.

உளவியல் படித்தவர் ஏன் இருக்கிறார் என்று கேட்டிருந்தீர்கள். லில்லியன் கில்பிரெத் 1915இல் பிரவுன் பல்கலைக்கழகத்தில் உளவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். கணவரோடு சேர்ந்து தொழிற்சாலைகளில் வேலையசைவுகளை ஆராய்ந்தார். 1924இல் கணவர் இறந்த பின்னும் ஆலோசகர் பணியைத் தொடர்ந்து நடத்தினார். 1935இல் பர்டியூ பல்கலைக்கழகத்தின் இயந்திரப் பொறியியல் பள்ளியில் மேலாண்மைப் பேராசிரியராக அமர்ந்தார். ஒரு தொழிலாளி ஏன் களைப்படைகிறார், ஒரு மாற்றத்தை ஏன் எதிர்க்கிறார் என்பதைப் பொறியியல் மாணவர்களுக்குச் சொல்லித்தர, இயந்திரம் மட்டுமே அறிந்த ஒருவரால் அன்றும் முடியவில்லை, இன்றும் முடியாது என்பதே என் உறுதியான கருத்து.

பொறியியல் மேலாண்மை என்ற பெயரிலேயே ஒரு தனித் துறை 1967இல், அப்போது மிசௌரி பல்கலைக்கழகத்தின் ரோலா வளாகமாக இருந்த இடத்தில் உருவானது. அதை நிறுவிய பெர்னார்ட் சார்ச்செட், கோப்பர்ஸ் என்ற தொழில் நிறுவனத்திலிருந்து கல்விக்கு வந்தவர். 1979இல் அமெரிக்கப் பொறியியல் மேலாண்மைச் சங்கம் அமைந்தபோது அதன் முதல் தலைவரும் அவரே. தொழிலிலிருந்து வந்தவர்களை இந்தத் துறை இரண்டாம் தரமாகப் பார்க்காததற்கு இந்தத் தோற்றமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

எழுதப்பட்ட விதி ஒன்றும் உள்ளது. பொறியியல் படிப்புகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஏபெட் அமைப்பு, பொறியியல் மேலாண்மைப் படிப்புகளுக்கென்று வகுத்துள்ள நிபந்தனையில், ஆசிரியர்களின் முதன்மையான தொழில்திறன் பொறியியலில் இருக்க வேண்டும் என்றும், பொறியியல் அல்லது தொழில்நுட்பப் பணிகளை நிர்வகித்த அனுபவம் அவர்களுக்கு இருப்பது தேவை என்றும் கூறுகிறது. ஆனால் ஏபெட் சான்று பெரும்பாலும் இளநிலைப் படிப்புகளுக்கே பெறப்படுகிறது; நீங்கள் விண்ணப்பிக்கும் முதுநிலைப் படிப்பு அந்தச் சான்றின் கீழ் வராமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆகவே அந்த நிபந்தனை நிறைவேறியிருக்கிறதா என்பதை நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பதவிப் பெயர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்ற வரிசையில் இருப்பவர்கள் பெரும்பாலும் டென்யூர் எனப்படும் நிரந்தரப் பணிக்கான பாதையில் உள்ளவர்கள். அவர்களை ஆய்வுக் கட்டுரைகளையும் ஆய்வு நிதியையும் வைத்தே முதன்மையாக மதிப்பிடுகிறார்கள். தொழிற்சாலையில் கழித்த ஆண்டுகள் அந்த மதிப்பீட்டில் மிகக் குறைவாகவே எடைபெறுகின்றன என்பதால், முப்பது வயதுக்குள் முனைவர் பட்டம் முடித்தவர்களே அங்கு அதிகம். நடைமுறைப் பேராசிரியர், கற்பித்தல் பேராசிரியர் போன்ற பெயர்களில் இருப்பவர்கள் ஒப்பந்த அடிப்படையில் முழுநேரம் கற்பிப்பவர்கள். அட்ஜங்ட் என்று குறிப்பிடப்படுபவர்கள் பகலில் வேறு நிறுவனத்தில் பணியாற்றிக்கொண்டு மாலையில் ஒரு பாடம் மட்டும் எடுப்பவர்களாக இருக்கலாம்.

கரும்பலகை

தமிழ்நாட்டில் ஒரு பொறியியல் கல்லூரியில் பணியாற்றும் பேராசிரியை நான். கடலோடி அவர்கள் கூறிய வரலாற்றை முழுமையாக ஏற்கிறேன். ஆயினும், அதைப் படிப்பவர்கள் தொழில் அனுபவம் இல்லாத ஆசிரியர் குறையுள்ளவர் என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

ஓசூரான் அவர்களே, உங்கள் ஆலையில் ஓர் இயந்திரத்தின் முன் வேலைகள் வரிசையில் காத்திருப்பதை நீங்கள் தினமும் பார்ப்பீர்கள். அந்த இயந்திரத்தை 80 விழுக்காட்டிலிருந்து 95 விழுக்காடு வரை பயன்படுத்தினால் உற்பத்தி அதற்கேற்ப உயரும், காத்திருப்பும் சற்றே கூடும் என்றுதான் அனுபவம் மிக்க பலரும் எதிர்பார்ப்பார்கள். வேலைகளின் வருகையும் அவற்றை முடிக்கும் நேரமும் சீரற்றவையாக இருக்கும் மிக எளிய வரிசை மாதிரியில் கணக்கிட்டால், 80 விழுக்காட்டில் சராசரிக் காத்திருப்பு ஒரு வேலையை முடிக்கும் நேரத்தைப் போல் 4 மடங்கு. 95 விழுக்காட்டிலோ அது 19 மடங்கு. இயந்திரம் சும்மா இருக்கக் கூடாது என்று வற்புறுத்தும் மேலாளர், டிஸ்பாட்ச் ஏன் தாமதமாகிறது என்று அதே மாதக் கூட்டத்தில் கேட்பதற்குக் காரணம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. ஆலையில் முப்பது ஆண்டுகள் இருந்தவர் வரிசை நீள்வதைப் பார்த்திருப்பார். அது ஏன் அவ்வளவு திடீரென்று நீள்கிறது என்பதையும், எங்கே தளர்வு விட்டால் எவ்வளவு குறையும் என்பதையும் கணித்துக் காட்ட, அந்தக் கணிதத்தில் ஊறியவர் வேண்டும். முடிவெடுத்தல் பகுப்பாய்வு, புள்ளியியல் தரக் கட்டுப்பாடு, உகப்பாக்கம் ஆகிய பாடங்களுக்கு ஆய்வாளர்களையே நான் விரும்புவேன்.

நம் ஊர் விதிகளையும் இங்கே நினைவுபடுத்த விரும்புகிறேன். அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுவின் 2019ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, பொறியியலில் உதவிப் பேராசிரியராவதற்கு இளநிலை, முதுநிலைப் பட்டங்களும் அவற்றில் ஒன்றில் முதல் வகுப்பும் போதும். தொழில் அனுபவம் கட்டாயமில்லை. மேலாண்மையில் உதவிப் பேராசிரியராவதற்கோ, முதுநிலைப் பட்டத்துக்குப் பின் இரண்டு ஆண்டுகள் தொழில்சார் அனுபவம் கேட்கப்படுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கும் மேலாண்மைப் பாடங்கள் பொறியியல் கல்லூரியில் யாரிடம் போகின்றன? பல இடங்களில், அந்தப் பருவத்தில் யாருக்குப் பாடவேளை குறைவாக இருக்கிறதோ அவரிடம் போகின்றன. மொத்தத் தர மேலாண்மை போன்ற ஒரு பாடத்தை, ஒரு ஆலையின் ரிஜெக்‌ஷன் அறிக்கையைக்கூடக் கண்ணால் பார்த்திராத இளம் ஆசிரியர், பல்கலைக்கழக வினாத்தாளை மனத்தில் வைத்து நடத்த வேண்டியிருக்கிறது. இதில் அந்த ஆசிரியரைக் குறை சொல்வது நியாயமாகாது; அவரை ஓர் ஆலைக்கு அனுப்பிப் பயிற்சி பெறச் செய்யாத நிர்வாக முறையே குறைக்குரியது. நீங்கள் எங்கே படித்தாலும், ஆய்வுப் பின்புலம் உள்ள ஆசிரியர் தொழிற்சாலைகளோடு சேர்ந்து ஆய்வு செய்கிறாரா என்று பாருங்கள். அவருடைய கட்டுரைகளில் வரும் தரவுகள் ஓர் உண்மையான மருத்துவமனையிலிருந்தோ ஆலையிலிருந்தோ வந்தவையாக இருந்தால், அவர் நேரடியாக அங்கே ஊதியம் பெற்றிருக்காவிட்டாலும் அந்த இடத்தை அறிந்தவர்தான்.

பழைய ஆலைக்காரன்

தம்பி, அம்மையார் சொன்னது அத்தனையும் உண்மை. நான் உற்பத்தித் துறையில் ஆலைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது ஒரு கல்லூரியில் திட்ட மேலாண்மை வகுப்பு எடுத்து வருகிறேன். என்னைப் போன்றவர்களை எப்படி எடைபோடுவது என்பதை மட்டும் சொல்கிறேன்.

தொழில் அனுபவம் என்ற இரண்டு சொற்களுக்குள் மிகவும் வேறுபட்ட மனிதர்கள் அடங்கிவிடுகிறார்கள். ஒரு பெரிய நிறுவனத்தில் ஒரே மேசையில் முப்பது ஆண்டுகள் அமர்ந்து அறிக்கை தயாரித்தவரும், சப்ளையர் சரக்கு வராத நாளில் லைனை நிறுத்துவதா, வேறு மாடலுக்கு மாற்றுவதா என்று விடிவதற்குள் முடிவெடுத்து அதன் நட்டத்துக்கும் பதில் சொன்னவரும் ஒரே எண்ணிக்கையிலான ஆண்டுகளைத்தான் தங்கள் விவரக் குறிப்பில் காட்டுவார்கள். ஆகவே ஆண்டுகளைப் பார்க்காதீர்கள். அவர் எத்தனை பேருக்குப் பொறுப்பேற்றார், எவ்வளவு பெரிய செலவுத் திட்டத்தில் கையெழுத்திடும் அதிகாரம் பெற்றிருந்தார், தோல்வியடைந்த ஏதாவது ஒரு திட்டத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசுகிறாரா என்று பாருங்கள். வெற்றிக் கதைகளை மட்டுமே சொல்லும் ஆசிரியரிடம் திட்ட மேலாண்மை கற்பது கடினம். ஏனெனில் அட்டவணை எங்கே நழுவத் தொடங்கியது, அதை முதலில் யார் கவனித்தார், ஏன் சொல்லாமல் விட்டார் என்பவைதான் அந்தப் பாடத்தின் உயிர்.

இரண்டாவதாக, அவர் தொழிலை விட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்பது முக்கியம். ஓய்வு பெற்றவர்களுக்கு இது ஒரு மெய்யான சிக்கல். ஆலோசனைப் பணியையாவது தொடராவிட்டால், நாம் சொல்லும் உதாரணங்கள் மாணவர்களின் ஆலைக்குப் பொருந்தாமல் போகின்றன. சான்றிதழ்களும் ஓரளவே உதவும். திட்ட மேலாண்மைக்கான பிஎம்பி சான்றிதழ் பெற, நான்காண்டுப் பட்டம் பெற்றவர் 36 மாதங்கள் திட்டங்களை வழிநடத்தியிருக்க வேண்டும். அது அடிப்படைத் தகுதியைக் காட்டுமே தவிர, கற்பிக்கும் திறனைக் காட்டாது.

இந்தியாவிலும் வழி திறந்திருக்கிறது என்பதை மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட நடைமுறைப் பேராசிரியர் வழிகாட்டுதல்களின்படி, தம் துறையில் குறைந்தது 15 ஆண்டுகள் அனுபவம் உள்ள வல்லுநரை முனைவர் பட்டமோ ஆய்வுக் கட்டுரைகளோ இல்லாமலேயே நியமிக்கலாம். அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடங்களில் 10 விழுக்காட்டுக்கு மேல் இப்படி நியமிக்க முடியாது; ஒருவரின் பணிக்காலமும் மூன்று ஆண்டுகளுக்குள், விதிவிலக்காக மேலும் ஓராண்டு வரை மட்டுமே. இந்தக் கால வரம்புதான் எனக்குக் கவலை தருகிறது. வகுப்பு நடத்துவது ஒரு தனித் தொழில். ஆலையிலிருந்து வருபவர் முதல் ஆண்டில் தன் நினைவுகளைத்தான் பேசுவார், அவற்றைப் பாடமாக வடிவமைக்கக் கற்றுக்கொள்ளும்போது அவருடைய காலம் முடிந்துவிடும்.

ஓசூரான்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆசிரியர்களின் பட்டியலைப் பார்ப்பதை விட்டு, பாடத்துக்குப் பாடம் யார் என்று பார்க்க வேண்டும் என்பது இப்போது தெளிவாகிறது. ஒரே ஓர் ஐயம் மட்டும் மீதம் உள்ளது. பகுதிநேர ஆசிரியர்கள் பாதிக்கு மேல் இருந்தால் என்ன செய்வது?

கடலோடி

பகுதிநேர ஆசிரியர்களின் திறமையைவிட, அவர்கள் உங்களுக்குக் கிடைக்கும் நேரத்தைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். பெரும்பாலும் அவர்களுக்கு ஒரு பாடத்துக்கு இவ்வளவு என்று ஊதியம் தரப்படுகிறது; ஆய்வேட்டுக்கு வழிகாட்டுவதும், பாடத்திட்டத்தைத் திருத்தும் கூட்டங்களில் அமர்வதும் அந்த ஊதியத்தில் சேராது. ஆகவே ஒப்பந்தச் சட்டம், பொறியியல் பொருளாதாரம், புதிய பொருள் உருவாக்கம் போன்ற பாடங்களைப் பகுதிநேரத்தினர் எடுத்தால் அதை நல்லதாகவே கொள்ளுங்கள். அடிப்படைப் பாடங்களும் இறுதித் திட்டப்பணியின் வழிகாட்டுதலும் அவர்களிடமே விடப்பட்டிருந்தால், அந்தப் படிப்பைக் கட்டிக்காக்க அங்கே முழுநேரம் யாரும் இல்லை என்று பொருள். அப்படிப்பட்ட இடத்துக்குக் கடன் வாங்கிச் செல்ல நான் பரிந்துரைக்க மாட்டேன்.

துறையின் படிப்பு ஒருங்கிணைப்பாளருக்கு மின்னஞ்சல் எழுதி, கடந்த இரண்டு ஆண்டுகளில் ஒவ்வொரு பாடத்தையும் உண்மையில் யார் எடுத்தார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்களின் வகுப்பு அட்டவணை பொதுவில் கிடைப்பதால், வரும் பதிலை நீங்களே சரிபார்க்கவும் முடியும். ஆசிரியர் பக்கத்தில் படத்துடன் இடம்பெற்றிருக்கும் புகழ்பெற்ற பேராசிரியர் முதுநிலை மாணவர்களுக்கு ஒரு பாடம்கூட எடுப்பதில்லை என்பது சில இடங்களில் அப்போதுதான் தெரியவரும்.

கரும்பலகை

அதோடு, முன்னாள் மாணவர்கள் இருவரிடமாவது பேசுங்கள்; அவர்களில் ஒருவர் உங்களைப் போலவே ஆலையில் பணியாற்றிவிட்டுப் படிக்கச் சென்றவராக இருக்கட்டும். கல்லூரியிலிருந்து நேராக முதுநிலைக்குச் சென்ற மாணவருக்கு வியப்பைத் தரும் வகுப்பு, உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருக்கலாம். எந்த ஆசிரியரின் வகுப்பில் கற்றதை அவர் இன்றும் பணியில் பயன்படுத்துகிறார் என்று கேட்டு, அந்த ஆசிரியர் இன்னும் அங்கே இருக்கிறாரா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.