நீல் தீவில் அமைதியான விடுதி எது? தங்கி வந்தவங்க சொல்லுங்க

வணக்கமுங்க. தை மாதம் அப்பா அம்மாவை அந்தமான் கூட்டிப்போகிறோம். ஹேவ்லாக் தீவில் கூட்டம் அதிகம் என்பதால் நீல் தீவிலேயே தங்கலாம் என்று எண்ணம். 2018இல் ஷஹீத் தீவு என்று பெயர் மாற்றினார்களே, அதுதான். அந்தமானுக்குக் காய்கறி விளைகிற தீவு என்று சொன்னதும், அங்கே என்ன மண், என்ன பாசனம் என்று அப்பா விசாரிக்கத் தொடங்கிவிட்டார். மஞ்சள் வெட்டுக்குள் (அறுவடைக்குள்) ஊருக்கு, கோபிசெட்டிபாளையத்துக்கு, திரும்பிவிட வேண்டுமாம்.

லட்சுமண்பூர் பக்கமா, சீதாபூர் பக்கமா, எங்கே ராத்திரி பாட்டுச் சத்தம் இருக்காது? அம்மாவுக்கு மூட்டு வலி. தரைத்தள அறையும் வெஸ்டர்ன் டாய்லெட்டும் கட்டாயம். சாப்பாடு சுத்த சைவம். வீட்டுக்காரர்களே நடத்துகிற இடமாக இருந்து, அடுப்பில் ஒரு குக்கர் வைக்க விட்டால் ரொம்ப நல்லது. அரிசிம்பருப்புச் சோற்றுக்கு வேண்டிய சாமானை அம்மா இப்போதே எடுத்து வைத்தாயிற்று, அது வேறு கதை.

அப்புறம், போர்ட் பிளேரிலிருந்து அரசுக் கப்பலில் வயதானவர்கள் ஏறி இறங்கச் சிரமமா? தனியார் கப்பலே மேலா? 5.30 மணிக்கெல்லாம் இருட்டிவிடும் ஊர், அதற்குமேல் ஆட்டோ கிடைக்குமா?

பேக்கேஜ்காரர்கள் மன்னிக்கவும். நேரில் தங்கியவர்கள் மட்டும் சொல்லுங்க.