மறு: பிளாஸ்மோலைசிஸ் – 'சுவர்விலகல்' வேண்டாம், 'சுவர்விடல்' பாருங்கள்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

உப்புக் கரைசலில் தாவரச் செல்லின் உயிர்ப்பொருள் சுருங்கிச் செல்சுவரிலிருந்து பிரிவதுதான் பிளாஸ்மோலைசிஸ். அதற்குத் தமிழ்ச்சொல்லாகப் போன வாரம் நான் முன்வைத்த 'சுவர்விலகல்' பற்றிக் குடியாத்தம் ஐயா எழுதிய மடலை இரண்டு முறை படித்தேன். அவர் சொல்வது சரி. 'ஒளிவிலகல்' என்றால் விலகுவது ஒளி. அதே வாய்பாட்டில் 'சுவர்விலகல்' என்றால் விலகுவது சுவர் என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். நடப்பது வேறு. செல்சுவர் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நிற்கிறது. உள்ளே இருக்கும் உயிர்ப்பொருள்தான் நீரை இழந்து சுருங்கி, சுவரை விட்டு உள்வாங்குகிறது. அந்தச் சொல்லை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஆனால் அதற்காக மறுபடி 'உயிர்மச் சிதைவு' என்ற பழைய சொல்லுக்குப் போக வேண்டாம் ஐயா. பதினொன்றாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்துகிறவள் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன். 'உப்புக் கரைசலில் வைத்த செல் சிதைந்து இறந்துவிடும்' என்று வருடம்தோறும் பத்துப் பேராவது எழுதுகிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, சொல் அப்படித்தானே சொல்லிக்கொடுக்கிறது? 'வளர்சிதை மாற்றம்' என்ற நல்ல சொல்லில் 'சிதை'க்கு ஏற்கனவே ஒரு வேலை இருக்கிறது: பெரிய மூலக்கூறு சிறியதாக உடைவது. இங்கே எந்த மூலக்கூறும் உடையவில்லை. தண்ணீர் வெளியே போகிறது, அவ்வளவுதான்.

குழப்பம் 'லைசிஸ்' என்ற வாலில் இருக்கிறது. நீராற்பகுப்பு, மின்னாற்பகுப்பு என்று வரும் இடங்களில் அது பகுப்பு. சிவப்பணு வெடிக்கும் இடத்தில் அது சிதைவு. ஆனால் கிரேக்க மூலத்தில் அதன் பொருள் அவிழ்த்தல், விடுதல். 1877இல் டச்சுத் தாவரவியலாளர் ஹியூகோ டி விரீஸ் இந்த நிகழ்வுக்குப் பெயர் வைத்தபோது அவர் பார்த்துக்கொண்டிருந்ததும் உயிர்ப்பொருள் சுவரை விட்டுவிடுவதைத்தான்.

யாரும் வீட்டிலேயே பார்க்கலாம், பள்ளி நுண்ணோக்கி ஒன்று கிடைத்தால் போதும். சிவப்பு வெங்காயத்தின் செதிலில் ஊதா நிறமாக இருக்கும் வெளிப்பக்கத் தோலைச் சீவி எடுங்கள். செங்கல் அடுக்கியது போலச் செல்கள் தெரியும், ஒவ்வொன்றிலும் விளிம்புவரை ஊதா. ஒரு சொட்டு 5 சதவீத உப்புக் கரைசலை விட்டுச் சில நிமிடம் காத்திருங்கள். முதலில் மூலைகளில் வெள்ளை விழும். பிறகு ஊதா ஓரத்திலிருந்து கழன்று, நடுவில் ஓர் உருண்டையாகத் திரளும். சுவர் அப்படியே கட்டம் கட்டமாக நிற்கும். இப்போது உப்பை வழித்துவிட்டு நல்ல தண்ணீர் விடுங்கள். உப்பில் அதிக நேரம் வைக்காமல் இருந்திருந்தால், ஊதா மெல்ல விரிந்து மறுபடி சுவரைத் தொடும். போன வெள்ளிக்கிழமை ஒரு மாணவி இதைப் பார்த்துவிட்டு, "மிஸ், திரும்ப வந்துடுச்சு!" என்று கத்தியே விட்டாள். சிதைந்தது திரும்ப வருமா?

அதே தோலைக் கொதிநீரில் போட்டு எடுத்து, பிறகு உப்புக் கரைசலை விட்டுப் பார்த்தால் இந்தச் சுருக்கம் நடக்காது. உயிர்ப்பொருளைச் சுற்றியிருக்கும் சவ்வு செத்துவிட்டது, ஊதாவும் கசிந்துவிடும், உப்பும் தடையின்றி உள்ளே போய்விடும். எதை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்று தேர்ந்தெடுக்கும் சவ்வு இருக்கும்வரைதான் இந்த நிகழ்வு. செல் உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கவே இதைப் பயன்படுத்துகிறார்கள். உயிரின் அடையாளமாக நிற்கும் ஒன்றுக்குச் சாவின் பெயரை வைத்திருக்கிறோம். எனக்கு இதுதான் பெரிய மனக்குறை.

தம்பி ஒருவர் 'வதங்கல்' போதுமே என்று கேட்டிருந்தார். அழகான சொல்தான். ஆனால் காற்றில் வதங்கும் கீரையில் பெரும்பாலும் சுவரும் சேர்ந்தே கசங்குகிறது, பிரிவு நடப்பதில்லை. கரைசலில் மட்டும் ஏன் பிரிகிறது? சுவர் நீரையும் உப்பையும் தடுப்பதில்லை. உப்புக் கரைசல் அதைத் தாண்டி வந்து இடைவெளியை நிரப்பிக்கொள்கிறது. 'அந்த இடைவெளியில் என்ன இருக்கும்' என்ற கேள்விக்கு விடையும் அதுவே.

ஆம்பூர் அண்ணன் தோல் மண்டியில் உப்புப் போட்டு அடுக்கும் பச்சைத்தோலை எடுத்துக்காட்டாகச் சொன்னார். வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த காட்சி, உப்பு தண்ணீரை இழுப்பதும் உண்மை. ஆனால் ஆட்டுத்தோலின் செல்லுக்குச் சுவர் கிடையாது. விலங்குச் செல் சுருங்கும், விட்டுப் போக அதற்கு ஒன்றும் இல்லை. ஆகவே சொல்லில் 'சுவர்' கட்டாயம் வேண்டும் என்கிறேன். தாவரச் செல்லையும் விலங்குச் செல்லையும் பிரித்துக் காட்டும் பாடம் அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது. 1665இல் ராபர்ட் ஹூக் தக்கைத் துண்டில் பார்த்ததும் வெறும் சுவர்களைத்தான். உள்ளே இருந்தது எப்போதோ போய்விட்டிருந்தது.

சரி, என் புதிய முன்மொழிவு: சுவர்விடல். சுவரை விடுதல், இரண்டாம் வேற்றுமைத்தொகை. விடுவது யார் என்ற மயக்கம் இல்லை. உப்பை எடுத்தபின் மீள்வதற்கு 'சுவர்தொடல்'. முதலில் 'சுவரொட்டல்' என்று எழுதி வைத்திருந்தேன். சுவரொட்டி என்றால் ஒருவருக்குச் சினிமா போஸ்டர், இன்னொருவருக்குக் கறிக்கடை மண்ணீரல். அதனால் விட்டுவிட்டேன்.

இந்தச் சொல் எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. ஒடுகத்தூரில் அம்மா மாசி, பங்குனியில் திண்ணையில் உட்கார்ந்து புளி தட்டுவார். காயில் ஓடும் சதையும் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும், நகம் வைத்தாலும் பிரியாது. பழுத்துக் காய்ந்தபின் காதருகே ஆட்டினால் உள்ளே கடகடவென்று ஓசை கேட்கும். "ஓடு விட்டுடுச்சு, இனி தட்டலாம்" என்பார். புளியம்பழமும் ஓடும் போல என்ற பழமொழி தெரியாத வீடு நம் பக்கம் இல்லை. புளி மறுபடி ஓட்டோடு ஒட்டாது, அதன் இடைவெளியில் இருப்பதும் காற்று. உவமை அந்த இடத்தில் நின்றுவிடுகிறது, அதையும் வகுப்பில் சொல்லிவிட வேண்டும்.

இன்னும் ஒன்று பாக்கி. செல் விறைப்பை இழந்து, மூலைகளில் மட்டும் லேசாகப் பிரியத் தொடங்கும் நிலைக்குத் தனிப்பெயர் வேண்டும். 'தொடக்கநிலைச் சுவர்விடல்' நீளமாக இருக்கிறது. வெங்காயத்தோலில் முதலில் வெளுப்பது மூலைதான் என்பதால் 'மூலைவிடல்' என்று குறித்து வைத்திருக்கிறேன். குடியாத்தம் ஐயா இதில் இலக்கணப் பிழை இருந்தால் சொல்லுங்கள். அடுத்த செய்முறை வகுப்பு செவ்வாய்க்கிழமை, அதற்குள் கரும்பலகையில் எழுத ஒரு சொல் வேண்டும்.