கமார்க் காளை விளையாட்டு: கொம்பில் இருப்பதை எப்படி எடுக்கிறார்கள்?

திமில்: தெற்கு பிரான்ஸில் ஆர்ல், நீம் பக்கம் காளையைக் கொல்லாமல் விளையாடுகிறார்களே, கூர்ஸ் கமார்கேஸ். அந்தக் காலத்தில் நம் பக்கம் கொம்பில் சல்லிக்காசு கட்டிய மாதிரி அங்கேயும் ஏதோ கட்டுகிறார்கள். என்ன அது? ஏன் அத்தனை பேர் ஓடியும் பாதி நேரம் ஒன்றும் சிக்குவதில்லை?

வாடிவாசல்77: மூன்று பொருள். நெற்றி நடுவில் விரல் நீளத்துக்குச் சிவப்பு ரிப்பன், அதுதான் கொக்கார்ட். இரண்டு கொம்படியிலும் கம்பளிக் குஞ்சம். அப்புறம் கொம்படியைச் சுற்றிய நூல். இந்த வரிசையில்தான் எடுக்கணும். ரிப்பனை முதலில் அறுக்கணும், பிறகுதான் கழற்ற முடியும். நூல்தான் படுத்தும். பல சுற்று இருக்கும், ஒரே இழுப்பில் வராது.

கையில் இருப்பது குரோஷே, நான்கு கிளையுள்ள சின்ன இரும்புக் கொக்கி. வெள்ளை உடுப்பு போட்ட ஓட்டக்காரர் ரசெத்தர். ஒரு காளைக்கு 15 நிமிஷம்தான்.

மேய்ச்சல்_காடு: சிக்காததற்குக் காரணம் ஓடும் கோடு. நேராகப் போனால் முடிந்தது கதை. ரசெத்தர் வில் மாதிரி வளைந்து ஓடி, காளையும் அவரும் ஒரே புள்ளியில் சேரும் நொடியில் கையை நெற்றிக்கு நீட்டி, அதே வேகத்தில் மரத்தடுப்பில் கால்வைத்துத் தாவணும். காளையைச் சரியான இடத்தில் திருப்பி நிறுத்துவது தூர்னர், இவர் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ரசெத்தர். அவர் சொதப்பினால் காளை குறுக்கே வெட்டி வழியை அடைத்துவிடும்.

இன்னொன்று, ஸ்பெயின் காளை அரங்குக்கு ஒரே தடவைதான் வரும். இங்கே அதே காளை வருஷக்கணக்கில் வருகிறது, ஆளைப் படித்துவிடுகிறது. சில காளைகள் ஓடுகிறவனை விட்டுவிட்டு அவன் தாவப்போகும் தடுப்பைக் குறிவைக்கும்.

திமில்: அப்போ காளைக்குத்தான் மவுசா?

வாடிவாசல்77: பின்னே! போஸ்டரில் காளை பெயர்தான் பெரிய எழுத்து. தடுப்பில் கொம்பு மோதும்படி துரத்தினாலோ, நூலோடு திரும்பினாலோ 'கார்மென்' என்ற இசைநாடகத்தின் இசை ஒலிக்கும். லெ காய்லார் ஊரில் 'லெ சாங்லியே' என்ற காளைக்குக் கல்லறையே இருக்கிறது. பரிசுப்பணத்தை ஊர்க் கடைக்காரர்கள் ஏற்றிக்கொண்டே போவார்கள், மைக்கில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். எடுக்க முடியாத காளைக்கு ரேட் எகிறும்.

மேய்ச்சல்_காடு: நேரில் பார்க்கப் போனால் முதல் வரிசையில் காலைத் தொங்கப்போடாதீங்க. ஆளைத் தொடர்ந்து காளையும் தடுப்பைத் தாண்டும். நேரம் முடிந்தும் உள்ளே போக மறுத்தால், மணி கட்டிய பழகிய மாடு, சிம்பேவு, வந்து கூட்டிப்போகும். அடிக்கவோ கயிறு போடவோ தேவையில்லை.