குளத்தோரம் அசையாமல் நிற்கும் மடையான்: வேட்டையா, ஓய்வா, நோயா?

ஏரிக்கரை: குளத்துப் படித்துறையில் ஒரு மடையான் (குளத்துக் கொக்கு) அரைமணி நேரத்துக்கும் மேலாக ஆடாமல் அசையாமல் நிற்கிறது. கழுத்தை உள்ளே இழுத்து வைத்திருக்கிறது. கிட்டப் போனாலும் சட்டென்று பறப்பதில்லை. இரைக்குக் காத்திருக்கிறதா, உடம்புக்கு முடியவில்லையா? எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

உள்ளான்: முதலில் அலகைப் பாருங்கள். அது தண்ணீரை நோக்கிச் சாய்ந்து, உடம்பும் முன்பக்கம் தாழ்ந்திருந்தால் வேட்டைதான். மீனின் பக்கவாட்டுக் கோட்டு உறுப்பு நீரின் சிறு அதிர்வையும் உணரும். ஓர் அடி எடுத்து வைத்தால் போதும், மீன் கலைந்துவிடும். தவிர, நீருக்கு வெளியே உள்ளதெல்லாம் மீனுக்கு ஏறத்தாழ 97 பாகை அகலமுள்ள வட்டத்துக்குள்தான் தெரியும். குனிந்து நிற்கும் பறவை அந்த வட்டத்தின் விளிம்பில் நசுங்கித் தெரியும். அதனால்தான் அந்தக் குனிவு.

கழுத்தை இழுத்து வைப்பதும் வேட்டையின் பகுதியே. கொக்குகளின் கழுத்தில் 20 அல்லது 21 எலும்புகள். ஆறாவது நீண்டிருப்பதால் கழுத்து அங்கே மடங்கி நிற்கும். மீன் எட்டும் தூரத்துக்கு வந்ததும் மடிப்பு ஒரே வீச்சில் நிமிர்கிறது.

கிட்டப் போயும் பறக்காததை மட்டும் வைத்து நோய் என்று சொல்ல முடியாது. பழுப்பு முதுகும் கழுத்துக் கோடுகளும் சேற்றோடு கலந்துவிடும். பறந்தால் வெள்ளைச் சிறகு காட்டிக்கொடுத்துவிடும்.

கழிமுகம்: வெயில் ஏறியபின் அலகை மார்போடு சாய்த்து ஒற்றைக்காலில் நின்றால் ஓய்வு. 2017-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்றில், இறந்த பூநாரையின் உடலையே ஒற்றைக்காலில் நிறுத்த முடிந்தது. தசைக்கு வேலையே இல்லை. கொக்குக்கும் அப்படியே என்று சொல்லிவிடக் கூடாது.

நோய் என்றால் இறகு உப்பியிருக்கும், சிறகு தொங்கும், பட்டப்பகலிலும் கண் மூடியிருக்கும். கழுத்தைத் தூக்க முடியாமல் கிடந்தால் பாட்டுலிசம் (பாக்டீரியா நச்சால் தசைகள் செயலிழக்கும் நோய்) என்று சந்தேகியுங்கள். 2019 நவம்பரில் ராஜஸ்தானின் சாம்பார் ஏரியில் ஆயிரக்கணக்கான பறவைகளைக் கொன்றது அதுதான்.

ஏரிக்கரை: அப்படிக் கிடந்தால் தண்ணீர் புகட்டலாமா?

கழிமுகம்: வேண்டவே வேண்டாம், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். கையுறை போட்டு, துண்டால் மூடி, முதலில் தலையைப் பிடியுங்கள். கொக்கு கண்ணைக் குறிவைத்துக் குத்தும். காற்றோட்டத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். வீட்டில் வைத்து வளர்ப்பது சட்டப்படி குற்றம்.