பள்ளிக் கூரைக்கு மூன்று கொட்டேசன்: எல்லாரும் சொந்தக்காரர்களாக இருக்கும் ஊரில் எப்படி நடத்துவது?

பீடோங் வாரியம்

வணக்கம். மலேசியாவில், கெடா மாநிலத்துப் பீடோங் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு அரசாங்க மானியம் வந்திருக்கிறது. பழைய அஸ்பெஸ்டஸ் கூரையை எடுத்துவிட்டு மெட்டல் டெக் (பூச்சுள்ள இரும்புத் தகடு) போட வேண்டும். ஒரே கட்டடம்தான், 30 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். பணம் பள்ளி மேலாளர் வாரியக் கணக்கில் இருக்கிறது. மூன்று கொட்டேசன் (விலைப்புள்ளி) கேட்டோம், வந்தாயிற்று. மூன்றிலும் ஒரே வரி: "பழைய கூரையைக் கழற்றிப் புதியது போடுதல், 1 லாட்." அதாவது எல்லாம் சேர்த்து ஒரே தொகை. அந்தத் தொகை மட்டும் வேறு வேறு.

சுற்றுவட்டாரத்தில் கூரை வேலை எடுப்பவர்கள் நான்கைந்து பேர்தான். ஒவ்வொருவரும் வாரியத்தில் யாருக்காவது மச்சான் அல்லது பங்காளி, அதுவும் இல்லையென்றால் கோயில் கமிட்டியில் கூட உட்காருபவர். மொரீஷஸ், சிங்கப்பூர் போன்ற சின்னத் தீவுகளிலும் நிலைமை இதுதானே? அங்கே எப்படிச் சமாளிக்கிறார்கள், நாங்கள் என்ன செய்யலாம்? முதலிலிருந்து மறுபடி கேட்கவும் தயார்.

தகரக்கூரை

மறுபடி கேளுங்கள். "1 லாட்" விலைகளை ஒப்பிடவே முடியாது. எந்தத் தகரம், எத்தனை சதுர மீட்டர் என்று தெரியாமல் எது மலிவு என்று எப்படிச் சொல்வீர்கள்? அளவுப் பட்டியலை வாரியம் தயாரிக்க வேண்டும். குத்தகையாளர் அதில் விலையை மட்டும் நிரப்பட்டும்.

பரப்பு: அகலத்தில் பாதி 4.5 மீட்டர், வெளியே நீட்டுவது 0.6, ஆக 5.1. சரிவு 15 பாகை என்றால் அதன் கொசைனான 0.966-ஆல் வகுங்கள், ஒரு பக்கத் தகட்டின் நீளம் 5.28 மீட்டர் வரும். நீளவாக்கில் இரு முனையிலும் 0.3 நீட்டினால் 30.6. இரண்டு பக்கமும் சேர்த்து 323 சதுர மீட்டர். யாராவது 380 என்று எழுதினால் அந்த 57 எங்கே போகிறது என்று கேளுங்கள். மூடும் அகலம் 762 மில்லிமீட்டர் உள்ள தகடு என்றால் பக்கத்துக்கு 41, மொத்தம் 82. லாரியிலிருந்து இறக்கும்போதே எண்ணிவிடலாம்.

தடிமனில்தான் பெரும்பாலும் கைவைப்பார்கள். 0.47 மில்லிமீட்டர் என்பது பூச்சோடு சேர்ந்த அளவு. உள்ளே இரும்பு 0.42 தான். தாளில் 0.47 என்று எழுதிவிட்டு 0.35 இறக்கினால், மேலே ஏறிய பிறகு கீழே நிற்பவர் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஐந்தாறு வருடத்தில் ஸ்குரூவைச் சுற்றி நெளிந்து ஒழுக ஆரம்பிக்கும்போதுதான் தெரியும். அதனால் "இரும்பு மட்டும் 0.42, பூச்சு ஏஇசட் 150" என்று பட்டியலிலேயே எழுதிவிடுங்கள் (ஏஇசட் என்பது அலுமினியம்-துத்தநாகப் பூச்சு). சரக்கு இறங்கும் அன்று மைக்ரோமீட்டரோடு ஒருவர் நிற்கட்டும். ஒவ்வொரு கட்டிலும் இரண்டு மூன்று தகட்டின் ஓரத்தை அளந்தால் போதும். பூச்சோடு சேர்த்து 0.45-க்குக் கீழ் காட்டினால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள்.

பிராண்ட் பெயர் எழுத வேண்டாம். எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் "அல்லது இணையானது" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே கடையில் கிடைக்கும் சரக்கைக் குறிப்பிட்டுவிட்டு மூன்று கொட்டேசன் கேட்பது வெறும் சடங்கு.

அஸ்பெஸ்டஸுக்குத் தனி வரி போடுங்கள். 2005 அட்டவணைக் கழிவு (அபாயகரமான கழிவு) விதிகளில் அஸ்பெஸ்டஸ் கழிவுக்கு எஸ்டபிள்யூ 201 என்று குறியீடே இருக்கிறது. நனைத்து, உடைக்காமல் கழற்றி, பிளாஸ்டிக்கில் சுற்றி, உரிமம் உள்ளவர் கையில் கொடுக்க வேண்டும். இந்தச் செலவைச் சேர்க்காதவர் விலைதான் மலிவாகத் தெரியும். பாதிக் கூரையைத் திறந்து போட்ட பிறகு "இதுக்குத் தனிக் காசு" என்று வந்து நிற்பார். மழைக்காலம் வேறு, கொடுக்காமல் என்ன செய்வீர்கள்?

பழைய தணிக்கை

கூரைக்காரர் சொன்ன பட்டியல் வந்துவிட்டால் கூட்டுச்சதியைப் பிடிப்பதும் சுலபம். மூன்று விலையையும் எக்ஸலில் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, வரிக்கு வரி ஒன்றை இன்னொன்றால் வகுத்துப் பாருங்கள். உண்மையாகப் போட்டி போட்டவர்களுக்கு ஒரு வரியில் ஏறும், ஒரு வரியில் இறங்கும். ஒருவருக்குத் தகரம் மலிவாகக் கிடைக்கும், இன்னொருவரிடம் சொந்தமாக ஸ்காஃபோல்டிங் இருக்கும். எல்லா வரியிலும் 1.05, 1.05, 1.05 என்றே வந்தால் ஒரே ஆள் மூன்று தாளையும் எழுதியிருக்கிறார். ஒரே எழுத்துப்பிழை மூன்றிலும் இருக்கிறதா, லெட்டர்ஹெட்டில் உள்ள தொலைபேசி எண் ஒத்துப்போகிறதா, பிடிஎஃப் கோப்பின் விவரத்தில் ஒரே பெயர் வருகிறதா என்றும் பாருங்கள். நிறுவனங்களைப் பதிவு செய்யும் எஸ்எஸ்எம்மில் சில வெள்ளி (ரிங்கிட்) கட்டினால் இயக்குநர் பெயரும் முகவரியும் கிடைக்கும். கணவர் பெயரில் ஒன்று, மனைவி பெயரில் ஒன்று என்பது அங்கே தெரிந்துவிடும். இது வெறும் குறும்பு அல்ல. விலை கொடுப்பவர்கள் இப்படிக் கூட்டுச் சேர்வதை 2010 போட்டிச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு தடை செய்கிறது.

சொந்தம் பற்றி. 2009 ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு, அரசு அதிகாரி தனக்கோ தன் உறவினருக்கோ அக்கறை உள்ள விஷயத்தில் முடிவெடுப்பதைப் பற்றியது. உறவினர் யார் என்று 3-ஆவது பிரிவே பட்டியல் போடுகிறது: மனைவி, கணவர், உடன்பிறப்பு, மனைவியின் உடன்பிறப்பு, அண்ணன் தம்பி பிள்ளைகள், மாமா, அத்தை, அவர்களின் பிள்ளைகள், மருமகன், மருமகள் போன்றோர். ஆக மச்சானும் உண்டு, பங்காளியும் உண்டு. சம்பந்தி அந்தப் பட்டியலில் இல்லை, ஆனால் அதை ஓட்டையாகப் பிடித்துக்கொள்ளாதீர்கள். வாரிய உறுப்பினருக்கு இந்தப் பிரிவு நேராகப் பொருந்துமா என்று வாதாடிக்கொண்டிருப்பதைவிட அதே அளவுகோலை நீங்களாக எடுத்துக்கொள்வது நல்லது. கொட்டேசன் கேட்கும் முன்பே, கொட்டேசன் உறைகள் போடும் பெட்டியைத் திறந்த பிறகு அல்ல, ஒவ்வொருவரும் ஒரு தாளில் யாருக்கு என்ன உறவு என்று எழுதிக் கையெழுத்துப் போடட்டும். உறவு உள்ளவர் அந்த நிகழ்ச்சிநிரல் வரும்போது அறையை விட்டு வெளியே போக வேண்டும். "உள்ளேதான் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை" என்பது போதாது. எத்தனை மணிக்குப் போனார், எத்தனை மணிக்குத் திரும்பினார் என்று கூட்டக் குறிப்பில் ஏறட்டும்.

பெட்டிக்கு இரண்டு பூட்டு, சாவி இரண்டு வேறு ஆளிடம். குறித்த நாள் நண்பகல் 12-க்கு மூடுங்கள், 12.05-க்கு வந்ததை, யாருடையதாக இருந்தாலும், வாங்காதீர்கள். திறப்பவர் இருவர், மதிப்பிடுபவர்கள் வேறு. திறந்த உடனே உறைகளுக்கு 1/4, 2/4 என்று எண் போட்டு, விலைப் பக்கம் ஒவ்வொன்றிலும் இருவரும் கையெழுத்திட்டு, காலியாக விட்ட கட்டங்களில் கோடு இழுத்துவிடுங்கள். பின்னால் யாரும் எதையும் நிரப்ப முடியாது. விலைகளை அன்றே அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

எவ்வளவு தொகைக்குக் கொட்டேசன், எவ்வளவுக்கு டெண்டர் என்ற வரம்பை நிதியமைச்சு அவ்வப்போது மாற்றுகிறது. பிகே 2 என்ற அரசாங்கக் கொள்முதல் சுற்றறிக்கையின் இப்போதைய பதிப்பைப் பாருங்கள். பழைய போட்டோஸ்டேட்டை நம்பாதீர்கள்.

தீவுக்கரை

தீவுகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சட்டத்தில் குறை இல்லை. மொரீஷஸில் 2006-இலேயே பொதுக் கொள்முதல் சட்டம் வந்துவிட்டது. கொள்கைக்கு ஓர் அலுவலகம், பெரிய குத்தகைகளுக்கு மத்தியக் கொள்முதல் வாரியம், தோற்றவர் முறையிடுவதற்கு என்றே சுயேச்சை மறுஆய்வுக் குழு. அப்படியிருந்தும் செயின்ட் லூயிஸ் மின்நிலையத் திட்டத்தில், இடைத்தரகர் வழியாகப் பணம் கொடுத்து உள்தகவலைப் பெற்றார்கள், டெண்டர் நிபந்தனைகளையே தங்களுக்கு ஏற்றபடி வளைத்தார்கள் என்று ஒரு டென்மார்க் நிறுவனத்தை ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி 2020-இல் 21 மாதம் விலக்கி வைத்தது. தில்லுமுல்லு நடந்தது உறை திறக்கும் மேசையில் அல்ல, அதற்கு முன்பே நிபந்தனை எழுதும் மேசையில்.

சிங்கப்பூர்க் கதை உங்களுக்கு இன்னும் நெருக்கம். 2012-இல் தேசியப் பூங்காக் கழகம் மடக்கு சைக்கிள் 26 வாங்கியது, ஒன்று 2,200 சிங்கப்பூர் வெள்ளி, மொத்தம் 57,200. அழைப்பு ஜீபிஸ் என்ற அரசாங்கக் கொள்முதல் தளத்தில் ஊரறியத்தான் போடப்பட்டது. விலை கொடுத்தது ஒரே நிறுவனம். அதன் பிறகு கொட்டேசன் திறந்திருக்க வேண்டிய குறைந்தபட்சக் காலத்தை நிதியமைச்சு 4 வேலை நாளிலிருந்து 7 ஆக்கியது. வாங்கும் வேலையைக் கவனித்த கழக அதிகாரிக்கு 2014-இல் 5,000 வெள்ளி அபராதம் விழுந்தது, எதற்கு? விற்றவரோடு இருந்த பழக்கத்தைத் தணிக்கையாளர்களிடம் மறைத்துப் பேசியதற்கு. தெரிந்தவரிடம் வாங்கியதற்கு அல்ல. தணிக்கை ஐயா சொன்ன உறவுத் தாள் அதற்குத்தான்.

மொரீஷஸிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். வேலையை யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்று தோற்றவர்களுக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு, 7 நாள் காத்திருந்து, பிறகு கையெழுத்துப் போடுங்கள். தணிக்கைக்காரர் மூன்று வருடம் கழித்துத்தான் வருவார். தோற்ற குத்தகையாளர் அதே வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவார். புகாரை விசாரிப்பவர் வாரியத் தலைவராக இருக்கக் கூடாது. மாவட்டக் கல்வி இலாகாவிலிருந்து ஒருவரைக் கேட்டு வையுங்கள்.

பீடோங் வாரியம்

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். ஊரில் நான்கைந்து பேர்தான், எல்லாருமே உறவு என்றால் யாரிடம் கேட்பது? வேலை நடக்கும்போது "கூடுதல் வேலை" என்று வந்தால்?

பழைய தணிக்கை

ஊரை விரியுங்கள். சுங்கைப்பட்டாணி, அலோர்ஸ்டார், பட்டர்வொர்த்திலிருந்து கூப்பிடுங்கள். கட்டுமானத் தொழில் வாரியமான சிஐடிபியில் அவர்கள் பதிவு நடப்பில் இருக்கிறதா, தரம் தொகைக்குப் பொருந்துகிறதா என்று சிஐடிபி தளத்திலேயே சரிபார்க்கலாம். இடத்தைக் காட்டுவதற்கு எல்லாருக்கும் ஒரே நாள் வையுங்கள். தனித்தனியாகக் காட்டினால் ஒருவருக்குச் சொன்னது இன்னொருவருக்குப் போகாது.

தகரக்கூரை

கூடுதல் வேலை வரத்தான் செய்யும். பழைய மரச்சட்டத்தில் கறையான் இருக்கிறதா என்பது கூரையைத் திறந்த பிறகே தெரியும். அதனால் பட்டியலிலேயே "சட்டம் மாற்றுதல், ஒரு மீட்டருக்கு" என்று விலை வாங்கி வையுங்கள், தற்காலிக அளவு 40 மீட்டர் என்று. உண்மையில் மாற்றியதை, புதியது ஏறும் முன், டேப் போட்டு அளந்து, படம் எடுத்து, இருவர் கையெழுத்திட்டால்தான் காசு. வாய்ச்சொல்லுக்கு ஒரு வெள்ளியும் கிடையாது.

பணம் கொடுக்கும்போது ஒவ்வொரு பில்லிலும் 10 விழுக்காடு பிடியுங்கள், குத்தகைத் தொகையின் 5 விழுக்காடு சேரும் வரை. பழுதுப் பொறுப்புக் காலம் 12 மாதம் என்று எழுதுங்கள், ஒரு முழு மழைக்காலம் அதற்குள் வந்துவிடும். பிடித்த பணத்தை விடுவதற்கு முன் நல்ல மழையில் வகுப்பறைக்குள் போய் மேலே பாருங்கள், முக்கியமாக முகட்டுத் தகடு சேரும் இடத்தில்.