வெள்ளைத்தாளைப் பார்த்தால் கை நின்றுவிடுகிறது: வான்கோவுக்கு எங்கிருந்து வந்தது?

நீர்வண்ணம்:
வணக்கம். எட்டு மாதமாக வாட்டர்கலர் பழகுகிறேன். ஒரு படத்தைப் பார்த்து வரை என்றால் வரைந்துவிடுவேன், நிழல்கூட ஓரளவு சரியாக விழுகிறது. சொந்தமாக ஒன்று வரையலாம் என்று உட்கார்ந்தால்தான் பிரச்சினை, அரைமணி நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்துவிடுகிறேன். நான் போன ஓவிய வகுப்பில், பார்த்து வரைவது திருட்டு, கலை உள்ளே இருந்து வரவேண்டும் என்று சொல்லி எல்லோர் முன்னாலும் என் நோட்டை மூடி வைத்தார்கள். அந்தச் சொல் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. எனக்கு டச்சு ஓவியர் வான்கோ என்றால் உயிர். அவருக்கெல்லாம் அது எங்கிருந்து வந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரிக்கோல்:
முதலில் அந்தத் திருட்டு என்ற சொல்லைத் தூக்கிப் போடுங்கள். நீங்கள் பேர் சொன்ன மனிதரே பார்த்து வரைந்து வளர்ந்தவர்தான். 1880-இல் ஓவியன் ஆவது என்று முடிவெடுத்தபோது வான்கோவுக்கு 27 வயது. ஷார்ல் பார்க் என்ற பிரெஞ்சு ஓவியர் தொகுத்த வரைபயிற்சித் தாள்களை எடுத்துவைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப வரைந்தார். பத்து வருடம் கழித்து, சூரியகாந்தி, நட்சத்திர இரவு என்ற தன் பேர்பெற்ற படங்களைத் தீட்டி முடித்த பிறகு, 1890-இல் தம்பி தியோவுக்குக் கடிதம் எழுதி அதே பயிற்சித் தாள்களை மறுபடி அனுப்பச் சொல்கிறார். எனக்கு இதுதான் அவர் வாழ்க்கையிலேயே பெரிய விஷயமாகப் படுகிறது.

1887-இல் பாரீஸில் ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் மர அச்சுப் படம் ஒன்றை (மரக்கட்டையில் செதுக்கி அச்சிடுவது), பிளம் மரத் தோட்டம் அது, டிரேசிங் எடுத்துக் கட்டம் போட்டு கான்வாஸில் பெரிதாக்கினார். அந்த டிரேசிங் தாள் இன்றும் இருக்கிறது. ஆனால் நிறத்தில் ஜப்பானியருக்குக் கட்டுப்படவில்லை. சிவப்பையும் பச்சையையும் அழுத்திப் போட்டார், இரண்டு பக்கமும் ஆரஞ்சுப் பட்டை வைத்து அதில் ஜப்பானிய எழுத்துகளை வரைந்தார். இதைவிட முக்கியம் 1889, தெற்குப் பிரான்சில் சேன் ரெமி மனநல மருத்துவமனை. உடம்பு முடியாமல் வெளியே போக முடியாத நாட்களில் தியோ அனுப்பிய கறுப்பு வெள்ளை அச்சுகளை வைத்துக்கொண்டு பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் படங்களைப் பார்த்துச் சுமார் 20 தீட்டினார். யோசித்துப் பாருங்கள், அச்சில் நிறமே இல்லை, உருவம் மில்லேயுடையது, நிறம் மொத்தமும் இவர் பொறுப்பு. பேத்தோவனின் இசையை ஒருவர் வாசிக்கும்போது அதில் தன் பங்கையும் சேர்ப்பதில்லையா, அப்படித்தான் இதுவும் என்று தம்பிக்கு எழுதினார். நம்மூரில் தியாகராஜர் கீர்த்தனையைப் பாடுகிறவரை யாரும் திருடன் என்று சொல்வதில்லையே.

நீங்களும் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தை எடுத்து, நிறத்தை மட்டும் உங்கள் தெருவிலிருந்து கொண்டுவந்து போட்டுப் பாருங்கள்.

தறிமேடை:
நான் ஓவியம் தெரிந்தவன் இல்லை, எங்கள் வீட்டில் பட்டுத் தறி. வான்கோவைப் பற்றி நான் தேடிப் படிக்க ஆரம்பித்ததே ஒரு பெட்டியால்தான். சிவப்பு அரக்குப் பூச்சுப் பெட்டி, உள்ளே கம்பளி நூல் உருண்டைகள், ஆம்ஸ்டர்டாமில் அவர் பேரில் உள்ள மியூசியத்தில் இருக்கிறது. இரண்டு மூன்று நிற நூலைச் சேர்த்துச் சுற்றி வைத்துக்கொண்டு, எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எது நின்றால் என்ன ஆகிறது என்று பார்ப்பாராம்.

அந்தப் போட்டோவைப் பார்த்ததும் எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது. புதுச் சேலைக்கு நிறம் முடிவு பண்ணும்போது இரண்டு நூலை விரலில் சேர்த்துச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போய் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பாவு (நீளவாட்டு நூல்) நீலம், ஊடை (குறுக்கு நூல்) பச்சை என்று கொடுத்தால் மயில்கழுத்து. தனித்தனியாக வைத்தால் வெறும் நீலமும் பச்சையும்தான், துணியாகி மடிப்பு விழும் இடத்தில் பார்த்தால் நிறம் அப்படியே ஓடும். அது உள்ளே இருந்து வந்ததா வெளியே இருந்து வந்ததா என்று அப்பாவிடம் கேட்டால் என்ன சொல்வார்? நூலைக் கையில் எடுத்த பிறகுதான் அவருக்கே தெரியும். நீங்கள் தாளைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள், முதலில் ஒரு துண்டுத் தாளில் நிறங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வெயில்நேரம்:
மேலே இரண்டு பேரும் சொன்னது சரி. ஆனால் படத்தைப் பார்த்து வரைவதிலேயே நின்றுவிட்டால் கை தேறும், கண் தேறாது என்பது என் அனுபவம். வான்கோ பொருளுக்கு எதிரிலும் போய் உட்கார்ந்தார். உருளைக்கிழங்கு உண்பவர்கள் படத்துக்கு முன்னால் நெதர்லாந்தில் நியூனன் கிராமத்தில் ஒரு குளிர்காலம் முழுக்க விவசாயிகளின் முகங்களை வரைந்தார், சுமார் 40 முகம். 1888 ஆகஸ்டில் சூரியகாந்தி தீட்டியபோது பூ சீக்கிரம் வாடிவிடும் என்று விடிந்ததும் வேலையில் உட்கார்ந்துவிடுவார். வாடப்போகிற ஒன்றை எதிரில் வையுங்கள், என்ன வரைவது என்று யோசிக்க அது நேரமே தராது. வாழைப்பூ மடல் போதும்.

நீர்வண்ணம்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்று இரவே எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்துவிட்டேன். இன்று காலையில் அம்மா வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தார், ஒரு மடலை வாங்கித் தட்டில் வைத்தேன். வெளிப்பக்கம் சாம்பல் பூத்த கத்தரிப்பூ நிறம், உள்பக்கம் அப்படி ஒரு சிவப்பு, காம்பு இருந்த இடத்துக்கு வரவர மஞ்சளாகிறது. இத்தனை வருடம் வீட்டில் பார்த்தும் இது கண்ணில் பட்டதில்லை. ஒரு மணி நேரத்தில் ஓரம் சுருள ஆரம்பித்துவிட்டது, அதற்குள் இரண்டு வரைந்தேன். முதலாவது சரியில்லை. இரண்டாவதில் உள்பக்கச் சிவப்பு ஈரமாக இருந்தபோது அழகாக இருந்தது, காய்ந்ததும் வெளிறிவிட்டது. இதற்கு என்ன செய்வது?

கரிக்கோல்:
வாட்டர்கலர் காய்ந்தால் ஒரு படி வெளிறும், அதைக் கணக்கில் வைத்து ஈரத்தில் கொஞ்சம் அதிகமாகத் தெரியும்படியே போடுங்கள். காய்ந்த பிறகு அதன் மேலேயே மெல்லிசாக இன்னொரு பூச்சு கொடுக்கலாம், முதல் பூச்சு முழுசாகக் காய்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் கலங்கிவிடும். வான்கோவுக்கும் சிவப்புதான் தொல்லை. அவருடைய படுக்கையறைப் படத்தில் இன்று நீலமாகத் தெரியும் சுவர் அவர் தீட்டும்போது ஊதா, கலந்திருந்த சிவப்பு மங்கிப் போய்விட்டது. நிறங்கள் மங்கும் என்று அவருக்கே தெரியும், அதனால்தான் துணிந்து அழுத்திப் போடவேண்டும், காலம் எப்படியும் அதை மென்மையாக்கிவிடும் என்று எழுதினார். அந்த இரண்டாவது படத்தை இங்கே போடுங்கள், பார்க்கவேண்டும்.