பூங்காவில் பொங்கல் விழா: ஆந்தை இருக்கும் கிளையை வெட்டச் சொல்கிறார்கள், என்ன செய்யலாம்?

மாலைநடை | டிசம்பர் 18

வணக்கம். தென்சென்னையில் எங்கள் குடியிருப்பை ஒட்டி ஒரு பூங்கா இருக்கிறது. இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. எட்டு வடிவ நடைபாதை, நான்கு உடற்பயிற்சிக் கருவிகள் (அவற்றில் இரண்டு ஓய்வில்), சிமெண்ட் போட்ட ஓர் இறகுப்பந்துத் திடல், புங்கை ஏழு, வேம்பு நான்கு, நடுவில் ஒரு கிழட்டுத் தூங்குமூஞ்சி மரம். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது எங்கள் மயில்கொன்றைகள் மூன்றும் வேரோடு சாய்ந்தன. தூங்குமூஞ்சி நின்றது. ஆனால் அதன் வடக்குக் கிளை பாதியில் முறிந்தது. முறிந்த இடம் மெல்ல மெல்ல உளுத்து, இப்போது அங்கே ஒரு பொந்து. அதில் புள்ளி ஆந்தை ஒரு ஜோடி குடியிருக்கிறது.

நான் வங்கியில் முப்பத்தொரு ஆண்டுகள் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவள். ஜூன் மாதம் நலச்சங்கத்தின் செயலாளர் ஆனேன். ஆனேன் என்பதுகூடப் பெருமைப் பேச்சுதான். கூட்டத்துக்கு நான் வராத நாளாகப் பார்த்து என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

ஆண்டுதோறும் பூங்காவில் பொங்கல் விழா நடக்கும். இருபது, இருபத்திரண்டு பானைகள். கோலப்போட்டி, உறியடி, பிள்ளைகளின் ஆட்டம் பாட்டம். ஏறக்குறைய இருநூறு பேர் வருவார்கள். நான் விழாவுக்கு எதிரியில்லை. போன வருடம் கோலத்தில் இரண்டாம் பரிசு வாங்கியவள். ஆனால் போன வருடம் நடந்த ஒன்று மனதை விட்டுப் போகவில்லை. நிழல் வேண்டும் என்று நுழைவாயில் புங்கையின் அடியிலேயே ஆறு அடுப்புகள் வைத்தார்கள். பங்குனியில் மற்ற ஆறு புங்கைகளும் தளிர்விட்டு எண்ணெய் தடவியதுபோல மினுங்கின. இது மட்டும் அடுப்பு எரிந்த பக்கம் மொட்டையாக நின்றது. சீரியல் விளக்குக் கட்ட வந்தவர் அடித்த ஆணிகளை நான் எண்ணினேன்: தூங்குமூஞ்சியில் மட்டும் இருபத்தேழு.

இந்த வருடப் பிரச்சினை வேறு. முறிந்த கிளை குழந்தைகள் தலையில் விழுந்துவிடும், வெட்டிவிடலாம் என்கிறார் துணைத்தலைவர். இன்னொருவர் கிளை இருக்கட்டும், பொந்தில் சிமெண்ட் பூசி அடைத்தால் மரத்துக்கு நல்லது என்கிறார். ஆந்தை அலறுவது ஆகாது என்பது அவருடைய உள்மனக் கணக்கு, வாய்விட்டுச் சொல்லமாட்டார். இளைஞர் அணியோ விழாவன்று ஐம்பது மரக்கன்று நட வேண்டும் என்கிறது.

விழாவும் நடக்க வேண்டும், மரமும் ஆந்தையும் இருக்க வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கூழாங்கல் | டிசம்பர் 18

அக்கா, முதலில் சிமெண்ட் மூட்டையை ஒளித்து வையுங்கள். பொந்தை அடைத்தால் மரம் உறுதியாகும் என்பது பழைய நம்பிக்கை. மரம் காற்றில் வளையும், சிமெண்ட் வளையாது. இடையில் நீர் தேங்கி உள்ளே இன்னும் உளுத்துப்போகும். தவிர, புள்ளி ஆந்தை முட்டையிடும் பருவம் கார்த்திகை வாக்கில் தொடங்கிச் சித்திரை வரை நீளும். அடைத்தால் உள்ளே முட்டையோ குஞ்சோ இருக்கலாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்கு உள்ள விளக்கத்தில் கூட்டையும் முட்டையையும் கலைப்பதும் சேர்ந்தே வருகிறது. சகுனத்துக்குப் பயப்படுகிறவர் சட்டத்துக்கும் கொஞ்சம் பயப்படட்டும்.

அடுப்பு விஷயம். மரத்தின் வேர் தண்ணீர்க் குழாய்போல ஆழமாக இறங்குகிறது என்று நினைக்கிறோம். உணவும் நீரும் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் ஒன்று, ஒன்றரை அடிக்குள்தான் படர்ந்திருக்கிறது. கிளைப் பரப்பையும் தாண்டிப் போகிறது. அதன்மேல் மூன்று மணி நேரம் விறகு எரித்தால் அந்தப் பக்கத்து வேர் வெந்துவிடும். உங்கள் புங்கைக்கு நேர்ந்தது அதுதான். இறகுப்பந்துத் திடலில் மூன்று அங்குலம் மணல் பரப்பி, மேலே செங்கல் அடுக்கிப் பானையை வையுங்கள். சிமெண்டும் வெடிக்காது.

விளக்கைப் பற்றி ஒரு திருத்தம். ஆந்தைக்கு வெளிச்சமே ஆகாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தெருவிளக்கைச் சுற்றும் பூச்சிகளைப் பிடித்துத் தின்னவே அது கம்பத்தில் வந்து உட்காரும். ஆனால் பொந்து வாயிலிலேயே சிவப்பும் பச்சையுமாக இரவெல்லாம் மினுங்கினால் பறவை இரை எடுத்துக்கொண்டு உள்ளே போகத் தயங்கும். விளக்கைச் சுற்றுச்சுவரிலும் மூங்கில் கழிகளிலும் கட்டுங்கள். ஒலிபெருக்கிக்கு 2000ஆம் ஆண்டு விதிப்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை தடை. நீங்கள் அந்தி சாயும் முன்பே நிறுத்திவிட்டால் ஆந்தை வேலைக்குக் கிளம்பும் நேரம் அமைதியாக இருக்கும்.

பழையமேஸ்திரி | டிசம்பர் 19

எல்லாரும் ஆந்தைக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள். நான் துணைத்தலைவர் பக்கம். உளுத்த கிளைக்கு அடியில் இருநூறு பேரை உட்கார வைத்துவிட்டு, விழுந்த பிறகு யார் பதில் சொல்வது? பூங்கா என்பது மனிதர்கள் வந்து காற்று வாங்கத்தான். காடு வேண்டுமானால் கிண்டியில் இருக்கிறது.

கூழாங்கல் | டிசம்பர் 19

மேஸ்திரி ஐயா, கிண்டியையே எடுத்துக்கொள்வோம். தேசியப் பூங்காவின் பரப்பு சுமார் 2.7 சதுர கிலோமீட்டர். அதை ஒட்டியே சிறுவர் பூங்கா. கூட்டம் முழுவதும் சிறுவர் பூங்காவில் நிற்கிறது, வெளிமான் வேலிக்கு அப்பால் மேய்கிறது. ஊருக்கு நடுவில் இரண்டும் இருக்க முடிந்ததற்கு அந்த வேலியும் ஒரு காரணம். இரண்டு ஏக்கரில் வேலி போட முடியாது. ஒரு கயிறு கட்டலாமே?

பழையமேஸ்திரி | டிசம்பர் 19

கயிறு கட்டினால் பிள்ளைகள் அதில் ஊஞ்சல் ஆடும். சரி, வேலை தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கிளையை அடியோடு எடுக்க வேண்டியதில்லை. பாரம் எல்லாம் நுனியில்தான். பொந்துக்கு அப்பால் இரண்டு அடி விட்டு, மீதியைக் கயிறு கட்டித் துண்டு துண்டாக இறக்கினால் நிற்கிற கட்டைக்குச் சுமை குறைந்துவிடும். ஆளை ஏற்றித் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 'டொக்' என்றால் ஈரம் இருக்கிறது, 'டப டப' என்றால் உள்ளே உளுத்து வெற்றாகியிருக்கிறது. பகல் வேளையில் ரம்பம் போடாதீர்கள், பறவை உள்ளேதான் தூங்கும். சாயங்காலம் அது வெளியே போன பிறகு அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். குஞ்சு இருந்தால் அதுவும் கூடாது, தை முடியும்வரை கீழே ஆள் நடமாட்டம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேடையைத் தெற்குப் பக்கம் போடுங்கள். இது என்ன பெரிய வித்தையா?

கூழாங்கல் | டிசம்பர் 19

ஐயா ஆந்தைக் கட்சிக்கு வந்துவிட்டார். அக்கா, அரசு நிலத்து மரம் என்பதால் நுனியைக் கழிக்கவும் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

ஏழாம்வகுப்பு | டிசம்பர் 20

நான் பள்ளி ஆசிரியை. மரக்கன்று விஷயத்துக்கு மட்டும் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் அந்தத் தவற்றைச் செய்தவள் நான்.

தை மாதத்தில் சென்னையில் கன்று நடுவது, வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு அதை வெயிலில் கொண்டுபோய் நிறுத்துவதற்குச் சமம். எங்கள் பள்ளியில் குடியரசு நாளன்று நாற்பது கன்று நட்டோம். மே மாதக் கோடை விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. ஜூனில் பள்ளி திறந்தபோது நாற்பது குச்சிகளும், அவற்றில் கட்டியிருந்த மாணவர்களின் பெயர் அட்டைகளும் மிஞ்சின. பிள்ளைகளிடம் அதைக் காட்டவே கூச்சமாக இருந்தது. ஆவணி, புரட்டாசியில் நட்டால் மழையே தாயாகப் பார்த்துக்கொள்ளும். அதோடு, இரண்டு ஏக்கரில் ஏற்கெனவே மரங்கள் நிற்கும்போது ஐம்பது கன்றுக்கு இடம் ஏது?

அதற்குப் பதில் பறவைகளை எண்ணுங்கள். பொங்கலையொட்டி நான்கு நாட்கள் தமிழ்நாடு முழுவதும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் இருந்து, பார்த்த பறவைகளையும் எண்ணிக்கையையும் ஈபேர்டு தளத்தில் பதிய வேண்டும், அவ்வளவுதான். நிபுணத்துவம் வேண்டாம், காகத்தையும் மைனாவையும் எண்ணினாலும் கணக்கில் சேரும்.

இன்னொரு வேண்டுகோள். விழாவுக்காக மொத்தப் பூங்காவையும் பெருக்கி வழித்துவிடாதீர்கள். ஒரு மூலையில் சருகை விட்டு வையுங்கள். எங்கள் பள்ளியில் கழிப்பறைக்குப் பின்னால் பெருக்குமாறு எட்டாத ஒரு மூலை உண்டு. ஒவ்வொரு ஐப்பசியிலும் அங்கே ஆறுமணிக்குருவி வருகிறது. பச்சை முதுகு, கண்ணில் மை தீட்டியதுபோலக் கறுப்புப் பட்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு. வால் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும், அத்தனை குட்டை. வடக்கே இனப்பெருக்கம் செய்துவிட்டுக் குளிர்காலத்துக்கு இங்கும் இலங்கைக்கும் வரும் பறவை. சருகைக் கிளறிப் புழு தின்னும். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் கூவுவதால் அந்தப் பெயர். சுத்தம் செய்த தரையில் அதற்கு ஒரு வேளைச் சோறு கிடையாது.

மாலைநடை | டிசம்பர் 20

ஏழாம்வகுப்பு அம்மா, உங்கள் குச்சிக் கதையைச் செயற்குழுவில் அப்படியே படித்தேன். கன்றுத் திட்டம் ஆவணிக்குத் தள்ளிப்போனது, எண்ணிக்கை ஆறாகக் குறைந்தது. சருகு மூலைக்குத்தான் எதிர்ப்பு. பாம்பு வரும் என்கிறார்கள். குழந்தைகள் விளையாடும் பக்கம் வேண்டாம், பம்ப் அறைக்குப் பின்னால் பத்துக்குப் பத்து அடி என்று பேரம் பேசி முடித்தேன். வங்கியில் கற்றது வீண்போகவில்லை.

மாலைநடை | ஜனவரி 17

நடந்ததை எழுதாமல் விட்டால் முறையில்லை.

கிளையை அனுமதி வாங்கி, மேஸ்திரி ஐயா சொன்னபடியே கழித்தோம். தட்டிப் பார்க்க ஏறியவர் பொந்துக்குள் எட்டிப் பார்த்து, குஞ்சு இல்லை, முட்டையும் இல்லை, ஓர் எலிவால் மட்டும் கிடக்கிறது என்று இறங்கி வந்தார். ரம்பம் ஓய்ந்து முக்கால் மணி நேரம் கழித்து இரண்டும் திரும்பி வந்தன. கட்டையின் நுனியில் உட்கார்ந்து, தலையை மேலும் கீழுமாக ஆட்டி எங்களை முறைத்தன. கணக்குத் தவறியபோது எங்கள் பழைய மேலாளர் பார்த்த பார்வை.

அடுப்புகள் திடலில். வெயிலில் பானை வைக்கச் சொல்கிறாயே என்று நாலு பேர் என்னிடம் பேசவில்லை. பந்தல் போடப் பணம் இருந்திருந்தால் பேசியிருப்பார்கள். ஆணி ஒன்றுகூட அடிக்கவில்லை. கோலப்போட்டிக்குக் கல்மாவும் சாயப்பொடியும் கூடாது, அரிசிமாவு மட்டும் என்று அறிவித்தேன். கோலங்கள் வெளிறித்தான் போயின. ஆனால் பத்து மணிக்குள் எறும்பு வரிசையும் மைனாவும் வந்து முதல் பரிசுக் கோலத்தின் இடது மூலையைத் தின்றுவிட்டன. பரிசு வாங்கியவர் இன்னும் என்மேல் கோபமாக இருக்கிறார். இந்த முறை நான் போட்டியிடவில்லை.

தோல்வியும் உண்டு. ஒலிபெருக்கி ஆறு மணிக்கு நிற்கவில்லை. துணைத்தலைவரின் பேத்தி ஆடி முடிக்க ஏழேகால் ஆனது. வாழையிலை போதாமல் யாரோ பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டுகளை வாங்கி வந்துவிட்டார்கள். 2019 முதல் தடை செய்யப்பட்ட பொருள், கடையில் எப்படிக் கிடைத்தது என்று கேட்டால் எல்லாரும் கரும்பைக் கடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பறவைக் கணக்கெடுப்புக்குப் பதினொரு பிள்ளைகள் வந்தார்கள். இருபது நிமிடத்தில் பதினேழு வகை. தேன்சிட்டு, வால்காக்கை, கரிச்சான், மாங்குயில், பம்ப் அறைக் கூரையில் ஒரு மீன்கொத்தி. தவிட்டுக்குருவிகள் ஒன்பதா பத்தா என்று பெரிய சண்டை.

பதினெட்டாவதுதான் சிக்கல். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சருகு மூலையில் "வால் இல்லாத பச்சைக் குருவி" பார்த்ததாகச் சொல்கிறாள். வயிற்றின் கீழே சிவப்பாம். இந்தத் திரியை நான் யாருக்கும் படித்துக் காட்டவில்லை. நாங்கள் ஓடிப் பார்த்தபோது சருகு மட்டும் கிடந்தது. பெரிய பையன்கள் கிளியாக இருக்கும் என்று சிரித்தார்கள். அவள் அழவில்லை, குறிப்பேட்டில் பதினெட்டு என்று எழுதி அடிக்கோடு போட்டாள். நான் பதினேழு என்றுதான் பதிந்தேன். ஒரு வரவுக்கு ரசீது வேண்டும் என்ற பழக்கம் விடவில்லை.

நாளை காலை ஐந்தே முக்காலுக்கு அவளும் நானும் பம்ப் அறைக்குப் பின்னால் போய் உட்காரப்போகிறோம். ஏழாம்வகுப்பு அம்மா, அது எப்படிக் கூவும் என்று இன்றிரவுக்குள் எழுதுங்கள்.

ஏழாம்வகுப்பு | ஜனவரி 17

இரண்டு சுரம், "வீட்-டியூ" என்று சீழ்க்கைபோல. இரண்டாவது சுரம் இறங்கும். பேசாமல் உட்காருங்கள். கொசு கடிக்கும், முழுக்கை அணிந்து போங்கள்.